ஆமையும் ஆசிரியரும்: பேராசிரியர் சீமோர் பப்பேட்டின் கல்விப் பணி பற்றிய ஒரு மதிப்பீடு

கல்வித் தொழினுட்பம் என்னும் ஆராய்ச்சித் துறை மேனாடுகளிலே தோன்றி வளர்ந்த காலத்து, அதிற் புகுந்தோருட் பெரும்பாலார் இயந்திரத்தை ஆசிரியருடைய இடத்திலே வைத்துப் பார்த்தனர். 1954ஆம் ஆண்டிலே ஹாவாட் பல்கலைக்கழகத்து உளநூற் பேராசிரியர் ஸ்கின்னர் கற்பிக்கும் பொறியொன்றைப் பற்றி எழுதினார். பாடம் சிறுசிறு படிகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். பிள்ளை ஒவ்வொரு படியிலும் ஒரு வினாவுக்கு விடை தரும். விடை சரியாயின் அதனை உடனே அறிந்து அடுத்த படிக்குச் செல்லும். பின்னர் 1960களிலே ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திலே பற்றிக் சூப்பிஸ் என்பார் கணினியைக் கொண்டு பிள்ளைகளுக்கு எண்கணிதப் பயிற்சி அளித்தார். இவ்விரண்டினும் வினாவுவது பொறி, விடையிறுப்பது பிள்ளை. இம்முறையைத் தலைகீழாகத் திருப்பியவர் சீமோர் பப்பேட். பிள்ளை கட்டளையிடுதல் வேண்டும், பொறி அதற்குக் கீழ்ப்படிதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அக்கொள்கை எத்துணை வலியுடையது, அதனை வகுத்தவர் தாமே அதற்கு எத்துணை இணங்க நடந்தார் என்பன ஆராயத்தக்கன.

பப்பேட் 1928ஆம் ஆண்டு பெப்ரவரி 29ஆந் திகதி தென்னாபிரிக்காவின் பிரிட்டோரியா நகரிலே பிறந்தார். விற்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்திலே மெய்யியலும் கணிதமும் பயின்று, 1952இற் கணிதத்திலே கலாநிதிப் பட்டம் பெற்றார். நிறவேற்றுமைக் கொள்கையை எதிர்த்து நின்ற இளைஞருள் அவரும் ஒருவர். பின்பு கேம்பிரிட்ஜ் சென்று, கணிதத்திலேயே மற்றொரு கலாநிதிப் பட்டமும் பெற்றார். ஒரே துறையில் இரு கலாநிதிப் பட்டங்கள் பெறுவது வேண்டப்படாத உழைப்பு என்று தோன்றலாம். ஆயின் அவருடைய வாழ்க்கைப் போக்கைத் திருப்பியது பட்டமன்று. 1958 முதல் 1963 வரை அவர் ஜெனீவா நகரிலே ஜோன் பியாஜேயுடன் பணியாற்றினார். பிள்ளை ஒரு வெறும் பாத்திரமன்று, தன் அறிவைத் தானே கட்டியெழுப்பும் சிற்பி என்பதை அங்கேதான் அவர் கற்றார்.

எனினும் அவர் ஆசானை அடியொற்றி மட்டும் நின்றாரல்லர். பிள்ளையின் சிந்தனை குறித்த வயதுகளிலே குறித்த படிகளைக் கடந்து செல்கின்றது என்று பியாஜே வகுத்தார். கட்டுவதற்கு வேண்டிய பொருள்களைச் சூழல் கொடுத்தாலன்றோ பிள்ளை கட்டும் என்று பப்பேட் வினாவினார். ஒரு பண்பாட்டிலே எண்ணுதற்குரிய பொருள்கள் மலிந்து கிடக்கின்றன. ஆதலாற் பிள்ளை எண்ணுதலை விரைவிற் கற்கின்றது. பொருள்களைப் பலவாறு சேர்த்துச் சேர்த்து ஒன்றும் விடாது வரிசைப்படுத்தும் சிந்தனைக்கு உரிய பொருள்கள் அருகியிருக்கின்றன. ஆதலால் அது பிந்தி வருகின்றது. பிந்துவது பிள்ளையின் வயதினாலன்று, சூழலின் வறுமையினாலே. இக்கருத்து அவர் எழுதியவற்றுள் மிக ஆழமானது. பின் வந்த எல்லாவற்றுக்கும் வேர் இதுவே.

1960களின் முற்பகுதியில் அவர் அமெரிக்காவின் மசாச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தை அடைந்தார். அங்கே மார்வின் மின்ஸ்கியுடன் சேர்ந்து செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தை நடத்தினார். 1969இல் இருவரும் எழுதி வெளியிட்ட நூலொன்று, நரம்பு வலைப் பொறிகளின் ஆதிவடிவம் எவற்றைச் செய்யமாட்டாது என்பதைக் கணித நிறுவல்களாலே காட்டிற்று. ஓர் உருவம் தொடர்ச்சியாக உள்ளதா, துண்டுபட்டுக் கிடக்கின்றதா என்னும் எளிய வினாவுக்கும் அப்பொறியால் விடை காண இயலாமை அங்கே நிறுவப்பட்டது. அந்நூலாலே அவ்வகை ஆராய்ச்சி பல ஆண்டுகள் தளர்ந்தது என்று குறைகூறுவோர் உளர். பல அடுக்குக் கொண்ட வலைகள் இன்று அடைந்துள்ள வெற்றியை நோக்குமிடத்து அக்குறை முற்றும் ஆதாரமற்றது என்று தள்ளிவிடவும் இயலாது. ஆயின் ஈண்டு குறிக்கத்தக்கது வேறொன்று. பொறியைப் பற்றிய கூற்றுக்கு இத்துணைக் கண்டிப்பான நிறுவலை வேண்டிய அறிஞர், பள்ளிக்கூடத்தைப் பற்றிய தம் கூற்றுக்களைப் பெரும்பாலும் உவமைகளாலேயே தாங்கி நிறுத்தினார். இம்முரண்பாடு அவர் பணி முழுவதிலும் தொடர்ந்து வருவதைக் காணலாம்.

லோகோ என்னும் கணினிமொழி 1967இலே தோன்றியது. அது பப்பேட் ஒருவரின் ஆக்கமெனச் சொல்வது வழக்கமாயினும் உண்மையன்று. வோலஸ் பொயர்சைக், சிந்தியா சொலமன் முதலியோரும் அதற்கு உரியர். சொல் என்னும் பொருளுடைய கிரேக்க மொழியினின்று அதற்குப் பெயர் வந்தது. முதலில் அம்மொழியிலே பிள்ளைகள் சொற்களையும் வாக்கியங்களையும் கொண்டே விளையாடினர். ஆமை பின்னர் வந்தது. நிலத்திலே ஊர்ந்து செல்லும் சிறு பொறியொன்று. அதன் அடியில் ஓர் எழுதுகோல். பிள்ளை கணினி வாயிலாகக் கட்டளையிட, அது சென்ற வழியெல்லாம் கோடு வரையும். பிற்காலத்திலே அந்த ஆமை திரையின்மேல் ஏறி ஒரு சிறு முக்கோணக் குறியாயிற்று.

ஆமைக்குத் தெரிந்தவை சிலவே: முன்னே செல்லுதல், பின்னே செல்லுதல், வலப்புறம் திரும்புதல், இடப்புறம் திரும்புதல். நூறு அடி முன்னே சென்று தொண்ணூறு பாகை வலம் திரும்புக என்பதை நான்கு முறை சொன்னாற் சதுரம் பிறக்கும். இனி முக்கோணம் வரையவேண்டும். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று பாடப் புத்தகம் கற்பித்திருக்கின்றது. ஆதலாற் பிள்ளை 60 பாகை திரும்பும்படி கட்டளையிடுகின்றது. ஆமை சொன்னபடி நடக்கின்றது, முக்கோணம் வரவில்லை, திரும்பத் திரும்பச் செய்வித்தால் அறுகோணம் ஒன்று வந்து நிற்கின்றது. பிள்ளை திகைக்கின்றது. எங்கே பிழை? எழுந்து தானே ஆமைபோல நடந்து பார்க்கின்றது. மூலையை அடைந்ததும் தான் உண்மையிலே திரும்பவேண்டியது முக்கோணத்தின் உட்கோணமன்று, புறக்கோணம் என்பதும், அது 120 பாகை என்பதும் அதன் உடம்புக்கே விளங்குகின்றன. அதன்மேல், எவ்வகை உருவத்தைச் சுற்றி வந்தாலும், புறப்பட்ட இடத்திலே புறப்பட்ட திசைநோக்கி நிற்பதற்கு மொத்தம் 360 பாகை திரும்பியிருத்தல் வேண்டும் என்ற பொதுவிதியும் அதற்கு எட்டுகின்றது. உருவத்தின் கோடுகள் ஒன்றையொன்று வெட்டாதவிடத்து இது தேற்றமாகவே நிறுவத்தக்கது.

வட்டம் இன்னும் வியத்தற்குரியது. ஓரடி முன்னே, ஒரு பாகை வலம், மீண்டும் ஓரடி, மீண்டும் ஒரு பாகை என 360 முறை. வகுப்பறைக் கேத்திரகணிதத்திலே வட்டத்துக்கு மையம் வேண்டும், ஆரை வேண்டும். ஆமைக்கோ மையம் எங்கேயுள்ளது என்பது தெரியாது. தன் காலடியிலுள்ள வளைவு எப்பொழுதும் ஒரே அளவினது என்பது மட்டும் தெரியும். இது சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றினும், பல்கலைக்கழகத்திலே வகையீட்டுக் கேத்திரகணிதம் பயில்வோர் கையாளும் நோக்கு இதுவேயாம். உயர்ந்த கணிதத்தின் ஒரு கருத்தை, கணிதத்தின் தூய்மை கெடாதவாறு, எட்டு வயதுப் பிள்ளையின் காலுக்கு ஏற்றவாறு அமைத்துக் கொடுத்த இவ்வருஞ்செயல் ஒன்றே பப்பேட்டின் பெயரை நிலைநிறுத்தப் போதியதாகும். அவரை மறுப்போருட் பலர் இதனைப் பார்த்ததாகத் தெரியவில்லை. அவரைப் போற்றுவோரிலும் பலர் இதனைக் கடந்து கணினிப் புரட்சி என்ற ஆரவாரத்திற்குச் சென்றுவிட்டனர்.

1980இலே மைன்ட்ஸ்ரோம்ஸ் என்னும் அவருடைய நூல் வெளிவந்தது. அதன் முகப்பிலே தம் குழந்தைப் பருவத்தைப் பற்றிய சிறு கட்டுரையொன்றை அவர் வைத்துள்ளார். இரண்டு வயது நிரம்புமுன்னரே மோட்டார் வண்டியின் பற்சில்லுகள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. ஒன்று சுழல மற்றொன்று சுழலும் அம்முறையை மனத்திலே கொண்டு பின்னாளிற் பெருக்கல் வாய்பாட்டையும் சமன்பாடுகளையும் விளங்கிக்கொண்டார். இதிலே நுட்பமான பகுதி அடுத்து வருவது. அப்படியாயின் எல்லாப் பிள்ளைகளுக்கும் பற்சில்லுகளைக் கொடுத்துவிடலாமே என்பார்க்கு, அவர் தாமே மறுமொழி கூறுகின்றார்: பற்சில்லுகளிலே தமக்கு அன்பு உண்டாயிற்று, அவ்வன்பைப் பிறர்க்கு விநியோகித்தல் இயலாது. கணினியோ பல வடிவெடுக்கும் இயல்புடையது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் விருப்புக்கேற்ப அது பற்சில்லாகக்கூடும். தமிழ் மாணாக்கர் எவரும் இப்பகுதியை ஒருமுறையேனும் படித்தல் நன்று. கல்வி பற்றி எழுதுவோர் அன்பு என்ற சொல்லை இவ்வளவு செறிவாகவும் பொருளோடும் ஆளுதல் அரிது.

நூலின் ஏனைய பகுதிகளிலே இச்செறிவு எங்கும் இல்லை. பிரான்சிலே வளரும் பிள்ளை பிரெஞ்சு மொழியை வருத்தமின்றிக் கற்பதுபோலக் கணித நாட்டிலே வளரும் பிள்ளை கணிதத்தைக் கற்கும் என்கிறார். பிறேசில் நாட்டுச் சம்பா நடனக் கூடங்களிலே சிறுவரும் முதியரும், வல்லுநரும் புதியவரும் ஒருங்கு கூடி ஆடிப் பழகுவதுபோலப் பள்ளிக்கூடம் அமைதல் வேண்டும் என்கிறார். உவமைகள் அழகியன. ஆயினும் தாய்மொழியை எல்லாப் பிள்ளைகளும் கற்கின்றன. எழுதவும் படிக்கவும் எல்லாப் பிள்ளைகளும் தாமே கற்பதில்லை. கணிதம் பேச்சைப் போன்றதா, எழுத்தைப் போன்றதா என்னும் வினாவை உவமை மறைத்துவிடுகின்றது. கற்பிக்கப்படாமலே கற்றல் என்னும் தொடரை அந்நூல் விரும்பி ஆள்வதற்கும் இம்மறைப்பே காரணம்.

நூல் பரவிய வேகம் பெரிது. வீட்டுக் கணினிகள் மலிந்த அக்காலத்திலே ஆயிரக்கணக்கான பள்ளிகள் லோகோவை ஏற்றன. லோகோ கற்ற பிள்ளைக்குத் திட்டமிட்டுச் சிந்திக்கும் ஆற்றல் பிற துறைகளிலும் பெருகும் என்ற நம்பிக்கை எங்கும் நிலவிற்று. நியூயோர்க்கிலுள்ள பாங்க் ஸ்ரீற் கல்லூரியிலே ரோய் பீ, மிடியன் கேர்லண்ட் என்னும் ஆய்வாளர் அதனைச் சோதித்தனர். எட்டு ஒன்பது வயதினரும் பதினொன்று பன்னிரண்டு வயதினருமான பிள்ளைகள் ஓராண்டு லோகோ பயின்றபின், வகுப்பறைச் சிறுவேலைகளை மிகக் குறைந்த நடையோடு முடிக்கும் வழியைத் திட்டமிடுமாறு பணிக்கப்பட்டனர். லோகோ பயிலாத பிள்ளைகளை விட அவர்கள் சிறந்து விளங்கவில்லை. 1984இலும் அதனை அடுத்தும் வெளிவந்த இம்முடிவுகள் லோகோ இயக்கத்தைப் பெரிதும் தாக்கின.

பப்பேட் 1987இலே மறுமொழி எழுதினார். மரத்தாற் கட்டிய வீடு ஒன்று விழுந்துவிட்டால் மரம் நல்ல வீட்டைத் தருமா என்று சோதித்ததாகுமா? தருவது மரமன்று, கட்டுவோன் திறனும் அவன் வாழும் பண்பாடும். கணினியினாலே என்ன விளையும் என்று கேட்பதே கருவியை மையமாகக் கொண்ட தவறான சிந்தனை என்றார் அவர். இம்மறுமொழியிலே பாதி உண்மையுண்டு. கருவியை மட்டும் பிரித்தெடுத்து மருந்துபோல ஊட்டி விளைவை அளத்தல் சிறுமையே. ஆயின் மற்றப் பாதியைப் பார்த்தல் வேண்டும். வீடு விழுமாயின் யார் மேல் குற்றம் என்பதை அறிய ஒரு வழி இருத்தல் வேண்டுமன்றோ? வெற்றி வந்துழிக் கணினியின் பெருமை, தோல்வி வந்துழிப் பண்பாட்டின் குறை என்று கொண்டால் அக்கொள்கை எக்காலத்தும் பொய்ப்படாது. பொய்ப்படாத கொள்கை ஆசிரியனுக்கு வழிகாட்டவும் மாட்டாது.

1993இலே அவர் வெளியிட்ட சிறுவர்களின் பொறி பற்றிய நூல் ஒரு கதையோடு தொடங்குகின்றது. முந்திய நூற்றாண்டு வைத்தியர் குழுவொன்றும் ஆசிரியர் குழுவொன்றும் காலம் கடந்து இன்றைய நாளுக்கு வருகின்றன. சத்திரசிகிச்சைக் கூடத்திலே வைத்தியருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வகுப்பறையிலே ஆசிரியருக்கு ஏறத்தாழ எல்லாம் விளங்குகின்றன. மேடைதோறும் எடுத்தாளப்பட்ட கதை இது. கேட்போர் சிரிப்பர், ஆசிரியர் தலை குனிவர். ஆயினும் சத்திரசிகிச்சை ஏன் மாறிற்று என்று கதை கூறுவதில்லை. 1846இலே ஈதர் மயக்க மருந்து பொதுமக்கள் முன்னிலையிலே காட்டப்பட்டது. 1867இலே லிஸ்டர் கிருமிநாசினி முறையின் பயனை நோயாளர் விபரங்களோடு வெளியிட்டார். பிழைத்தவரையும் இறந்தவரையும் எண்ணிப் பார்த்தமையாலன்றோ அத்துறை மாறிற்று. எண்ணிப் பார்த்தலைப் பள்ளிக்கூடத்திற்கு வேண்டாமென்ற ஒருவர் இவ்வுவமையை எடுத்தது அவருக்கே எதிராகின்றது.

இதனைக் கூறும்போது ஒன்றை மறத்தலாகாது. பொஸ்ரன் நகரிலே ஹெனிகன் என்னும் பொதுப்பள்ளியிலே 1985 முதல் அவர் குழுவினர் பணியாற்றினர். அங்கே இடிற் ஹாரெல் என்னும் மாணவி அவர் வழிகாட்டலில் ஓராய்வு செய்தார். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் பதினெழுவர், தமக்கு இளையோர்க்குப் பின்னங்களைக் கற்பிக்கும் செய்நிரல்களை லோகோவிலே தாமே ஆக்கினர். பிறர்க்குக் கற்பிக்க முயல்வோன் தான் அறியாததை விரைவிலே கண்டுகொள்கின்றான். பின்னங்களை வெறுத்த சிறுமியொருத்தி, அரை என்பது வட்டத்தின் பாதியிலே நிழலிட்ட பகுதி மட்டுமன்று, எப்பொருளின்மீதும் வைத்துக் காணத்தக்க ஓர் எண்ணம் என்பதை அம்முயற்சியின் நடுவே உணர்ந்தாள். இப்பிள்ளைகள் பின்னங்களிலும் செய்நிரலாக்கத்திலும் ஒப்பீட்டு வகுப்பினரை விட முன்னேறியமை பதிவாகியுள்ளது. 1988இலே கிளார், காவர் என்னும் வேறிருவர், பிழை கண்டு திருத்தும் முறையைப் படிப்படியாக வெளிப்படக் கற்பித்தபோது, பிள்ளைகள் அத்திறனைக் கணினிக்குப் புறம்பான வேலைகளிலும் காட்டினர் என்று கண்டனர். ஆகவே பப்பேட் எதிர்பார்த்த பயன் பொய்யன்று. அது தானே வருவதில்லை. திட்டமிட்டுக் கற்பிப்போர் இருந்தவிடத்து வருகின்றது. தம் கொள்கைக்குத் துணையான இச்சான்றுகளே, கற்பிக்கப்படாமலே கற்றல் என்னும் தம் விருப்பத் தொடருக்குத் துணையாகா என்பதை அவர் வெளிப்படையாக ஒப்பியிருந்தால் ஆசிரியருலகம் அவரை அணுகியிருக்கும்.

அத்தகைய அணுக்கம் ஓரிடத்திலே நிகழ்ந்தது. கொஸ்ராரிக்கா நாட்டிலே 1988இல் ஒமார் டெங்கோ மன்றம் நாட்டுப்பள்ளிகளிலே லோகோவைப் புகுத்தியபோது, கணினி வந்திறங்குமுன் ஆசிரியரைப் பயிற்றுவதற்கு முதலிடம் கொடுத்தது. அத்திட்டம் பல்லாண்டு நிலைத்தது. அமெரிக்காவின் மெயின் மாநிலத்திலும் 2002 முதல் ஏழாம் வகுப்பு மாணாக்கர்க்கெல்லாம் மடிக்கணினி வழங்கியபோது பப்பேட்டின் அறிவுரை துணைநின்றது.

அடுத்து வந்தது பிள்ளைக்கொரு மடிக்கணினி என்னும் இயக்கம். 2005இலே நிக்கலஸ் நெகரொபொன்ற் அதனை அறிவித்தார். பப்பேட் அதன் மூலவருள் ஒருவர். விலை 100 டொலர் எனப்பட்டது. உண்மையில் ஏறத்தாழ அதன் இருமடங்காயிற்று. பேரு நாடு எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளை வாங்கிற்று. அந்நாட்டின் கிராமப்புறப் பள்ளிகள் 319இலே செய்யப்பட்ட ஆய்வு 2012இலே வெளிவந்தது. கணிதத் தேர்விலும் மொழித் தேர்விலும் எவ்வித முன்னேற்றமும் காணப்படவில்லை. பொது அறிவாற்றற் சோதனைகள் சிலவற்றிலே சிறு நன்மை தென்பட்டது. அன்பை விநியோகித்தல் இயலாது என்று எழுதியவரின் பெயராலே கருவி விநியோகிக்கப்பட்டது. ஆயினும் இங்கே நீதி தவறலாகாது. 2006 டிசெம்பரிலே ஹனோய் நகரிற் கணிதக் கல்வி மாநாட்டுக்குச் சென்றிருந்த பப்பேட் மோட்டார் சைக்கிள் ஒன்றால் மோதுண்டு, மூளையிலே கடும் காயமுற்றார். அக்கணினிகள் பெருந்தொகையாகப் பிள்ளைகளின் கையை அடையுமுன்னரே அவர் பொதுவாழ்வினின்றும் விலகவேண்டியதாயிற்று. 2016 ஜூலை 31இலே மெயின் மாநிலத்திற் காலமானார். திட்டம் நிறைவேறிய முறைக்கு அவரைப் பொறுப்பாக்குதல் பொருந்தாது. திட்டத்தின் கருவிலே ஆசிரியருக்கு இடம் சுருங்கியிருந்தமைக்கு அவர் பொறுப்பே.

அவருடைய வழித்தோன்றல்களுள் உயிரோடு வளர்ந்தது, மிச்சல் றெஸ்னிக் குழுவினர் 2007இலே வெளியிட்ட ஸ்கிறாட்ச் என்னும் மொழி. கட்டளைகளைத் துண்டுகளாக இணைத்துப் பிள்ளைகள் கதையும் விளையாட்டும் ஆக்கி ஒருவர் ஆக்கியதை மற்றொருவர் எடுத்துத் திருத்துகின்றனர். சம்பாக் கூட உவமைக்கு இதுவே அண்மையிலுள்ள உருவம். ஆனால் 2022இன் இறுதிதொட்டு வேறொரு காற்று வீசுகின்றது. பேச்சுமொழியிற் கேட்டால் செய்நிரலைத் தானே எழுதித் தரும் பொறிகள் மாணாக்கரிடம் வந்துவிட்டன. அவை, வேடிக்கையாக, அவரும் மின்ஸ்கியும் 1969இற் குறைகண்ட அந்த நரம்பு வலைகளின் வழிவந்தனவே. முக்கோணம் வேண்டுமென்றால் முக்கோணம் வந்து விழும். 60 பாகை திரும்பி அறுகோணத்தைக் கண்டு திகைத்தற்கு அங்கே இடமில்லை. மீண்டும் விடை கூறுவது பொறியாகின்றது, இம்முறை வினாவும் வேலை பிள்ளையுடையதெனினும். இந்நிலையிலே மைன்ட்ஸ்ரோம்ஸ் நூலைக் கையிலெடுக்கும் ஆசிரியர், கணினிப் பண்பாட்டைப் பற்றிய எதிர்வுகூறல்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆமைக் கேத்திரகணிதம் பற்றிய மூன்றாம் அதிகாரத்தை முதலிற் படித்து, அதிலுள்ள வட்டத்தையும் முக்கோணத்தையும் வகுப்பிலே பிள்ளைகளை நடக்கவிட்டுச் செய்து பார்த்தல் தகும். அதற்குக் கணினியும் வேண்டியதில்லை. சுண்ணக்கட்டியும் வெறுநிலமும் போதும்.